‘முடித்துவிட்டேன்’ என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது?

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கிய முதல் வருடத்தில், ‘கொடுத்த வாக்கை நிறைவேற்றினேன்’ என்று ஒரு வாக்கியம் எழுதவேண்டி வந்தது. ஆங்கில வழியாக யோசித்தேன். அகராதியில் அகப்பட்ட ‘கொம்ப்ளெத்தார்’ என்ற வினையை எடுத்து, ‘கொம்ப்ளெத்தே மி ப்ரொமேசா’ என்று எழுதிக் கொடுத்தேன். வினைவிகுதி சரி, எழுத்துப்பிழை இல்லை. ஆசிரியை அதைப் படித்துவிட்டு, “பாதி வாக்கை வேறு யாரோ கொடுத்திருந்தார்கள், மீதியை நீங்கள் எழுதிச் சேர்த்தீர்கள், அப்படித்தானே?” என்று கேட்டார். பிறகு ‘கும்ப்ளி மி ப்ரொமேசா’ என்று சிவப்பு மையில் திருத்தினார்.

அடுத்த பாடத்திலேயே இன்னொரு அடி. எனக்கு முப்பது வயது முடிந்தது என்பதற்கு ‘தெர்மினார்’ போட்டேன். அதற்கும் ‘கும்ப்ளிர்’தான் வரவேண்டுமாம். வாக்குக்கும் வயதுக்கும் ஒரே வினை, வகுப்பு முடிவதற்கு வேறு வினை, வீட்டில் அரிசி முடிந்துபோனால் மூன்றாவது ஒன்று. இதற்கெல்லாம் ஒழுங்கு ஏதும் இருக்கிறதா என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் காதிலேயே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் லத்தீன் அமெரிக்க உச்சரிப்புப்படி எழுதுகிறேன். ‘தெர்மினார்’ என்பதில் ‘தெரு’வின் தெ, ‘அக்கபார்’ என்பதில் ‘பாக்கியம்’ என்பதன் பா. தனியாக வரும் ‘தெ’ என்ற சிறுசொல்லுக்கு மட்டும் ‘தெய்வம்’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ஒலி.

அகராதியைப் பார்த்துத் தெளிவு பெறலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1713-ல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியில் ‘அக்கபார்’ என்று தேடினால், முடிவு கட்டுதல், ‘தெர்மினார்’ செய்தல் என்று இருக்கும். ‘தெர்மினார்’ என்று தேடினால் எல்லை வைத்தல், ‘அக்கபார்’ செய்தல் என்று இருக்கும். மாமன் வீட்டுக்கு வழி கேட்டால் மச்சான் வீட்டுக்குப் பக்கத்தில் என்றும், மச்சான் வீட்டுக்கு வழி கேட்டால் மாமன் வீட்டுக்குப் பக்கத்தில் என்றும் சொல்வதுபோல. அகராதிமேல் குற்றமில்லை. இந்த இரண்டு சொற்களும் உண்மையாகவே அவ்வளவு நெருக்கம்.

எனவே ‘முடி என்பதற்கு ஸ்பானிஷில் என்ன?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘முடிந்தது எது, தமிழில் அதற்கு எந்த வினையைப் போடுவேன்?’ என்று கேட்கத் தொடங்கினேன். பரீட்சை முடிந்தது என்கிறோம். அரிசி தீர்ந்தது என்கிறோம். படிவத்தைப் பூர்த்தி செய்கிறோம். வாக்கை நிறைவேற்றுகிறோம். ‘அரிசி பூர்த்தியானது’ என்றோ ‘படிவம் தீர்ந்தது’ என்றோ எந்தக் குழந்தையும் சொல்லாது. இந்தப் பிரிவினை நமக்குச் சொல்லித் தராமலே தெரியும். நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து வைத்ததும் எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டப்பட்டுவிடுகிறது.

‘தெர்மினார்’ என்ற வினையிலிருந்து தொடங்கலாம். பழைய ரோமர்களுக்கு எல்லைக்கல்லே ஒரு தெய்வம். பெயர் தெர்மினுஸ். பிப்ரவரி 23 அன்று பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரும் தத்தம் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கல்லுக்கு மாலை போட்டுப் படையல் வைப்பார்கள். நம் ஊர்களில் எல்லைச்சாமிக்கு வைப்பதை நினைத்துக்கொள்ளலாம். பஸ் டெர்மினஸ் என்று நாம் தினமும் சொல்லும் சொல் அந்தத் தெய்வத்தின் பெயர்தான். பஸ் அதற்குமேல் போகாது, அவ்வளவே.

‘தெர்மினார்’ என்பதன் குணமும் அதுதான். எல்லை வந்தாயிற்று. உள்ளே இருந்த வேலை நிறைவானதா, அரைகுறையா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ‘லா க்ளாசே தெர்மினா அ லாஸ் செய்ஸ்’ என்றால் வகுப்பு ஆறு மணிக்கு முடியும். பாடம் முடிந்ததா என்பது வேறு விஷயம். காதலர்கள் பிரிந்தாலும் ‘தெர்மினாரோன்’ என்பார்கள். ஸ்பானிய உள்நாட்டுப் போரின் கடைசி அறிக்கையை 1939 ஏப்ரல் 1 அன்று வென்ற தரப்பின் தலைவர் ஃபிராங்கோ வெளியிட்டபோது அதன் இறுதி வரி ‘லா கெர்ரா ஆ தெர்மினாதோ’, போர் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் ‘கொம்ப்ளெத்தார்’ போட்டுப் பாருங்கள். போருக்கு ஏதோ குறை இருந்தது, அதை நிரப்பியாயிற்று என்பதுபோல ஆகிவிடும்.

‘அக்கபார்’ வேறு இடத்திலிருந்து வருகிறது. அதன் உள்ளே இருப்பது ‘காபோ’. தலை என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. ஸ்பானிஷில் ‘காபோ’ என்றால் முனை, நுனி. கயிற்றின் நுனியும் காபோ, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமும் காபோ. கன்னியாகுமரிக்கு ஸ்பானிஷ் வரைபடங்களில் ‘காபோ கொமொரின்’ என்றே பெயர். குமரி முனை. ‘தெ காபோ அ ராபோ’ என்று ஒரு சொலவடை உண்டு. தலையிலிருந்து வால்வரை, அதாவது ஒன்றுவிடாமல். தமிழிலும் மலைமுடி, முடிசூட்டு, முடிவு என்று உச்சியும் இறுதியும் ஒரே ஒலிக்குள் குடியிருப்பதை இங்கே கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் எப்போது ‘தெர்மினார்’, எப்போது ‘அக்கபார்’? வேலையை முடித்தேன், புத்தகத்தை முடித்தேன், படம் முடிந்தது என்ற சாதாரண வாக்கியங்களில் எதைப் போட்டாலும் சரி. ஸ்பெயினில் பேச்சில் ‘அக்கபார்’ ஏராளம். சற்று நிமிர்ந்து உட்கார்ந்து பேசும்போது ‘தெர்மினார்’ அதிகம் வரும். அர்ஜென்டினா, உருகுவாய், சிலி போன்ற இடங்களில் ‘அக்கபார்’ என்பதைத் தனியாக விட்டால் படுக்கையறைப் பொருள் வந்துவிடும். அங்கே விருந்தாளியாகப் போகிறவர், தட்டை நகர்த்திவைத்துவிட்டு ‘தெர்மினே’ என்று சொல்வது உத்தமம்.

உண்மையான வேறுபாடு ‘அக்கபார்’ என்பதோடு ஒட்டிக்கொள்ளும் சிறுசொற்களில் இருக்கிறது. ‘செ’ ஒட்டினால் தீர்ந்துபோதல். ‘செ அக்கபோ எல் அர்ரோஸ்’, அரிசி தீர்ந்துவிட்டது. பால், பெட்ரோல், பணம், பொறுமை எல்லாம் இப்படித்தான் தீரும். வெறுமனே ‘செ அக்கபோ!’ என்று ஒரு தாய் குரலை உயர்த்தினால், ‘போதும், நிறுத்துங்கள்!’ என்று பொருள், பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். ஆனால் அதே பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கதை சொல்லி முடிக்கும்போது வரும் மரபான எதுகையிலும் இந்த வினைதான்: ‘கொலொரின் கொலொராதோ, எஸ்தெ க்வென்தோ செ ஆ அக்கபாதோ.’ முதல் இரண்டு சொற்களும் ஓசைக்காக. மற்றது ‘இந்தக் கதை முடிந்தது’. நம் பாட்டிமார் ‘கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது’ என்று சொல்லும்போது கத்தரிக்காய்க்கு என்ன வேலையோ, அதே வேலைதான் ‘கொலொரின்’ என்பதற்கும்.

‘கொன்’ ஒட்டினால் ஒழித்துக்கட்டுதல். ‘அக்கபார் கொன் எல் ஆம்ப்ரே’ என்றால் பசியை ஒழிப்பது; அரசியல் மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். ஒரு மனிதனின் பெயரை அதன் பின்னால் போட்டால் அவன் கதையை முடிப்பது. பின்னால் ‘செய்துகொண்டு’ என்ற பொருள்தரும் வினையெச்ச வடிவம் வந்தால், ‘கடைசியில் இப்படி ஆயிற்று’ என்ற பொருள். நண்பர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் நழுவிய பின், ‘அக்கபே பகாந்தோ யோ’ என்று பெருமூச்சு விடலாம்: கடைசியில் பணம் கொடுத்தது நான்தான். இந்த இடத்தில் ‘தெர்மினே’ என்றாலும் குற்றமில்லை.

‘தெ’ ஒட்டும்போதுதான் தொடக்கநிலை மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ‘அக்காபோ தெ கொமேர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சாப்பிடுவதை முடிக்கிறேன்’ என்பது போலத் தோன்றும். நிகழ்காலம். ஆனால் பொருள், ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’. கடந்த செயலை நிகழ்கால வடிவத்தில் சொல்கிறோம். சாப்பிட்டதன் நுனியில் நிற்கிறேன், இன்னும் கை காயவில்லை என்று எடுத்துக்கொண்டால் அந்த நிகழ்காலம் விளங்கும். இதையே கதை சொல்லும்போது தொடர் இறந்தகாலத்தில் ‘அக்கபாபா தெ யெகார்’ என்றால், ‘அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன்’. உடனே தொலைபேசி மணி அடித்தது என்று கதை தொடரும்.

அதே வினையை முற்று இறந்தகாலத்தில் போட்டால் பொதுவழக்கில் பொருள் மாறிவிடும். ‘அக்கபே தெ லெயேர் எல் லிப்ரோ’ என்றால் புத்தகத்தைப் படித்து முடித்தேன்; இங்கே ‘இப்போதுதான்’ இல்லை. ஒரே எழுத்து மாற்றத்தில், ‘இப்போதுதான் செய்தேன்’ என்பது ‘செய்து முடித்தேன்’ ஆகிவிடுகிறது. இந்தக் குழப்பமே வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி: ‘இப்போதுதான்’ என்று தமிழில் தோன்றினால் ‘அக்காபோ தெ’; ‘படித்து முடித்தேன், எழுதி முடித்தேன்’ என்று இரண்டு வினை சேர்ந்து தோன்றினால் ‘தெர்மினே தெ’. பிற்பாடு காது பழகும்போது எல்லையைத் தளர்த்திக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் எதிர்மறை. ‘நோ அக்காபோ தெ என்தென்தேர்’ என்றால் ‘புரிந்துகொண்டு முடிக்கவில்லை’ அன்று. ‘எனக்கு என்னவோ இது முழுதாகப் பிடிபடவில்லை’. கூட்டத்தில் எதிராளியின் வாதத்தை மரியாதையாக மறுக்க இதைவிட நல்ல வாக்கியம் ஸ்பானிஷில் குறைவு.

இனி என் முதல் பிழைக்கு வருகிறேன். ‘கொம்ப்ளெத்தார்’, ‘கும்ப்ளிர்’ இரண்டும் ஒரு தாய் மக்கள். நிரப்புதல் என்ற பொருளுடைய ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. ‘கும்ப்ளிர்’ மக்கள் வாயில் நூற்றாண்டுகளாகப் புரண்டு உருமாறி வந்தது. ‘கொம்ப்ளெத்தார்’ படித்தவர்கள் ஏட்டிலிருந்து எடுத்துப் புழக்கத்தில் விட்ட வடிவத்தில் பிறந்தது. நம் இலக்கணக்காரர்கள் வடசொற்களைத் தற்பவம், தற்சமம் என்று பிரிப்பார்களே, அதேதான்: ‘கும்ப்ளிர்’ தற்பவம், ‘கொம்ப்ளெத்தார்’ தற்சமம். ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள் கிடைத்துவிட்டால் ஒரு மொழி இரண்டையும் ஒரே வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. பங்கு பிரித்துவிடும்.

‘கொம்ப்ளெத்தார்’ என்பதற்குக் கிடைத்த பங்கு, ஓட்டையை அடைப்பது. ஒரு முழுமை இருக்கிறது, அதில் ஏதோ ஒன்று இல்லை, அதைக் கொண்டுவந்து வைக்கிறோம். தபால்தலைத் தொகுப்பில் விடுபட்ட ஒன்று கிடைத்தால் ‘கொம்ப்ளெத்தார்’. ஸ்பானிஷ் பாடநூல்களின் பயிற்சிகளில் ‘கொம்ப்ளேத்தா லாஸ் ஃப்ராசெஸ்’ என்று இருக்கும். நம் வினாத்தாள்களின் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’தான் அது. என் வாக்குறுதியில் கோடிட்ட இடம் எதுவும் இல்லை. ஆசிரியை சிரித்ததற்குக் காரணம் அதுதான்.

‘கும்ப்ளிர்’ என்பதற்குக் கிடைத்தது கடமையின் பங்கு. வெளியிலிருந்து ஓர் அளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவை நீங்கள் எட்டவேண்டும். வாக்கு, கட்டளை, சட்டம், தண்டனைக்காலம், கெடு எல்லாம் இதில் அடங்கும். படைவீரன் திரும்பி வந்து ‘மிசியோன் கும்ப்ளீதா’ என்பான். தமிழில் ‘நிறைவேற்று’ என்ற சொல்லிலும் ‘நிறை’ இருப்பதைப் பாருங்கள். ‘பூர்த்தி’ என்பதும் நிரப்புவதுதான். படிவத்தையும் பூர்த்தி செய்கிறோம், 18 வயது பூர்த்தியானவர்களுக்கு ஓட்டும் கொடுக்கிறோம். ஸ்பானியர்கள் இரண்டு சொல்லால் செய்வதை நாம் ஒரே ‘பூர்த்தி’யால் செய்துவிடுகிறோம். அதனால் ‘பூர்த்தி’ என்று மனத்தில் தோன்றினால் மட்டும் ஒரு நொடி நின்று, அடைக்கவேண்டிய இடமா, எட்டவேண்டிய அளவா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

பிறந்தநாளுக்குக்கூட ஸ்பானிஷில் ‘கும்ப்ளெயான்யோஸ்’ என்றே பெயர், ஆண்டுநிறைவு. ‘கும்ப்ளோ த்ரெய்ன்தா ஆன்யோஸ்’ என்று ஒருவர் சொன்னால் முப்பது வருடத்தை நிரப்பிவிட்டார் என்று பொருள். நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்குமேல் ஒரு படி போய், ‘முப்பது முடிந்து முப்பத்தொன்று நடக்கிறது’ என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் வயதுக்கு ‘கும்ப்ளிர்’ போட மறக்கமாட்டார்கள். நான் மறந்தேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் யோசித்தேன்.

படிவத்துக்கு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் படிவத்தை ‘ரெயெனார்’ செய்வார்கள், மெக்ஸிகோ போன்ற நாடுகளில் ‘யெனார்’. இரண்டுமே நிரப்புவது. குடைமிளகாய்க்குள் இறைச்சியையோ சோற்றையோ அடைத்தால் அது ‘பிமியென்தோஸ் ரெயேனோஸ்’. படிவத்துக்கும் மிளகாய்க்கும் ஒரே வினை என்று நினைவில் வைத்தால் மறக்காது. ‘ஃபினாலிஸார்’, ‘கொன்க்ளுயிர்’ இரண்டும் சட்டை இஸ்திரி போட்ட சொற்கள். அறிவிப்பு, அறிக்கை, செய்தி இவற்றுக்கு. இணையக் கடைகளில் ‘ஃபினாலிஸார் கொம்ப்ரா’ என்ற பொத்தானை அழுத்தித்தான் பணம் கட்டவேண்டும். ஆனால் சாப்பாட்டு மேசையில் யாராவது ‘ஃபினாலிஸே’ என்றால், ‘யான் உணவருந்தி முற்றினேன்’ என்று சொன்னதுபோல இருக்கும்.

முடியாமல் நின்றுபோனவற்றுக்கும் இதே குடும்பத்தில் சொல் உண்டு. பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தை 1882-ல் கட்டத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் பொறுப்பேற்ற கட்டடக்கலைஞர் கௌதி 1926-ல் டிராம் மோதி இறந்தபோது அது ‘இனக்கபாதா’ நிலையில், அதாவது நுனி எட்டாமல், நின்றது. ‘சின் தெர்மினார்’ என்றும் சொல்லலாம். இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்ஃபனியை ‘இனக்கபாதா’ என்பவர்களும் உண்டு, ‘இன்கொன்க்ளூசா’ என்பவர்களும் உண்டு.

இரண்டு பொறிகள். ‘யெபார் அ காபோ’ என்ற தொடரை நுனிவரை கொண்டுபோதல் என்று பிரித்துப் பார்த்து, முடித்தல் என்று பொருள்கொள்ளத் தோன்றும். நடைமுறையில் அது மேற்கொள்வது, நடத்துவது. ஆய்வு நடத்துகிறார்கள், அறுவைசிகிச்சை செய்கிறார்கள் என்ற இடங்களில் வரும். ‘ரெயாலிஸார்’ என்பதும் அதே வேலைக்குத்தான். ஆங்கிலச் சாயலை நம்பி ‘உணர்ந்தேன்’ என்பதற்கு அதைப் போட்டுவிடாதீர்கள். அதற்கு ‘தார்செ க்வென்தா’.

இனி, வினையையே மாற்றாமல் முடிவைக் காட்டும் ஒரு வழி. தமிழில் ‘சாப்பிட்டேன்’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வெளிநாட்டவருக்கு விளக்கிப் பாருங்கள், வியர்த்துவிடும். ஸ்பானிஷில் கிட்டத்தட்ட அந்த ‘விடு’வின் வேலையைச் செய்வது, செய்தவரையே சுட்டும் சிறு பிரதிப்பெயர். ‘கொமி அர்ரோஸ்’ என்றால் சோறு சாப்பிட்டேன். எவ்வளவு, மிச்சமிருக்கிறதா என்ற பேச்சில்லை. ‘மெ கொமி எல் அர்ரோஸ்’ என்றால் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டேன், பாத்திரம் காலி. ‘மெ லெயி லா நொபேலா’, அந்த நாவலை முழுக்கப் படித்துவிட்டேன். ‘செ பெபியோ லா பொதேயா’, பாட்டிலையே குடித்துத் தீர்த்துவிட்டான்.

கவனித்திருப்பீர்கள்: ‘மெ’ வந்ததும் ‘எல்’, ‘லா’ போன்ற ஒரு சுட்டும் கூடவே வந்துவிட்டது. முழுவதும் என்று சொல்ல வேண்டுமானால் எதன் முழுவதும் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ‘மூன்று ஆப்பிள்’, ‘ஒரு தட்டு’ என்று எண்ணிக்கை வந்தாலும் போதும். அளவே இல்லாமல் ‘மெ கொமி அர்ரோஸ்’ என்றால் ஸ்பானியர் காதில் இடறும். நம் ‘விடு’ இவ்வளவு கறாரில்லை. வந்துவிட்டான், விழுந்துவிட்டது, மறந்துவிட்டேன் என்று எங்கும் ஒட்டும். ‘விடு’ தோன்றும் இடத்திலெல்லாம் ‘மெ’ போடுவது தவறு. உண்பது, குடிப்பது, படிப்பது, கற்பது என்று எதையாவது உள்ளே வாங்கிக்கொள்ளும் வினைகளில் மட்டும் முதலில் முயன்று பார்க்கலாம்.

தமிழ் நம்மைக் கைவிடும் இடம் ஒன்றும் உண்டு. ‘முடியவில்லை’ என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு செய்திகளை வைத்திருக்கிறோம். ‘வேலை முடியவில்லை’ என்றால் ‘தெர்மினார்’. ‘என்னால் முடியவில்லை’ என்றால் இயலாமை, அதற்கு ‘பொதேர்’ என்ற முற்றிலும் வேறு வினை. ஒருமுறை கட்டுரையைத் தாமதமாகக் கொடுத்தபோது, ஆசிரியையிடம் ‘நோ தெர்மினே’ என்று மட்டும் சொன்னேன். முடிக்கவில்லை என்ற தகவல் போய்ச் சேர்ந்தது. முயன்றேன், இயலவில்லை என்ற பரிதாபம் போய்ச் சேரவில்லை. ‘நோ பூதே தெர்மினார்’ என்று சொல்லியிருக்கவேண்டும். முடிக்க முடியவில்லை.